பீப்பாயில் வெள்ளை வேர்

பெர்சிதாவுக்குக் கோபம் வந்தால் முதலில் காது மடல் சிவக்கும். வாய் அப்புறம்தான் திறக்கும். கோலியா மலைச் சரிவில் இருக்கும் எங்கள் ஊரில் அவளோடு பேச்சு வளர்க்கிறவர்கள் அவள் காதைப் பார்த்துக்கொண்டேதான் பேசுவார்கள். இருபது வயதில் அவளைப் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், வீட்டுக்குள் நுழையும் முன்பே தோட்டத்துப் பிளம் மரங்களை எண்ணியது. "மரத்தையே கட்டிக்கிட்டுப் போங்க, அதுக்கு வாயும் கிடையாது" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். பிறகு அவளே விரும்பிக் கட்டிக்கொண்ட மிலோயே, கட்டட வேலைக்கென்று ஆஸ்திரியா போனான். ஈஸ்டருக்கு வருகிறேன் என்று மூன்று வருடம் எழுதினான், மூன்று வருடமும் வரவில்லை. நான்காம் வருடம் ஒரு சாக்லேட் பெட்டியோடு வந்து நின்றபோது அவள் ஜன்னலை மட்டும் திறந்தாள். "பெட்டியைப் படியில வெச்சுட்டுப் போ. புள்ள சாப்பிடட்டும்." அவன் வைத்துவிட்டுப் போனான். மகள் தாரா சாப்பிட்டாள். அந்தக் கல்யாணம் அவ்வளவுதான்.

இந்தக் கோபங்களை எல்லாம் அவள் சீக்கிரமே உதறிவிட்டாள். உதற முடியாத கோபம் ஒன்று இருந்தது. அவளுடைய தம்பி ஸ்ரேதென் ஒரு மே மாதம் மலைக்குப் போய், லின்சுரா என்று நினைத்து ஒரு வேரைத் தோண்டிக்கொண்டு வந்தான். லின்சுரா மஞ்சளாய்ப் பூக்கிற செடி. அதன் கசப்பு வேரைப் பிளம் சாராயமான ரக்கியாவில் ஊறப்போட்டு, வயிற்றுக்கு நல்லதென்று ஒரு சின்ன கிளாஸ் குடிக்காத வீடு இங்கே கிடையாது. அதே புல்வெளியில், ஏறக்குறைய அதே இலையோடு, செமெரிகா என்ற விஷச்செடியும் நிற்கும். பூத்துவிட்டால் யாருக்கும் குழப்பம் வராது. பூக்கும் முன்பு தண்டைப் பார்க்க வேண்டும். லின்சுராவுக்கு இலைகள் எதிரெதிரே ஜோடியாக இருக்கும், செமெரிகாவுக்கு மாறி மாறி இருக்கும். ஸ்ரேதென் தண்டைப் பார்க்கவில்லை. ஊறியதைக் குடித்த ஒரு மணி நேரத்தில் வாந்தி, கண் இருட்டல். நாடி நிமிடத்துக்கு முப்பத்தைந்துக்கு இறங்கிவிட்டது. எப்படியோ பிழைத்தான். ஆனால் என்ன சாப்பிட்டாய் என்று டாக்டர் கேட்டபோது, வேர் தெரியாதவன் என்று ஊர் சிரிக்குமே என்று பயந்து, "எங்க அக்கா சுட்ட சீஸ் ரொட்டி" என்று சொல்லிவிட்டான்.

அவன் பயந்தபடி ஊர் சிரித்தது, அவனைப் பார்த்து அல்ல, அவளைப் பார்த்து. கல்யாண வீட்டுக்கு அவள் தட்டோடு வந்தால் "பெர்சிதா ரொட்டியா, அப்போ பாதிரியாரையும் பக்கத்துல உக்கார வெச்சுக்கோ" என்பார்கள். தம்பியிடம் அவள் பேச்சை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவனுக்குத்தான் நிம்மதி என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவை அவன் வீட்டுக்கு வரும்போதும், "ரொட்டி இருக்கு, சாப்பிடறியா?" என்று முதல் வேலையாகக் கேட்பாள்.

முப்பத்தொரு வயதில் வுகோமனுடைய வடிசாலையில் பாட்டில் கழுவ அவள் சேர்ந்தாள். மலைமேல் அது ஒன்றுதான் உரிமம் வாங்கி ரக்கியா காய்ச்சி, மூலிகை ஊறல்கள் போட்டு விற்கிற இடம். சேர்ந்த இரண்டாம் மாதம், வெளியூர் வியாபாரிகள் முன்னால் வுகோமன் ஒரு கிளாஸை நீட்டிப் பெருமையடித்துக்கொண்டிருந்தபோது, வாளியோடு அந்தப் பக்கம் போனவள் நின்று மோந்து பார்த்தாள். "முதல்ல வடிஞ்சதை நீங்க சரியா ஒதுக்கல முதலாளி. இதைக் குடிச்சா நாளைக்குத் தலை வெடிக்கும்." வியாபாரிகள் சிரித்தார்கள். வுகோமன் சிரிக்கவில்லை. அவர்கள் போன பிறகு அதைத் தானும் உள்ளங்கையில் தேய்த்து மோந்தார். மறுநாளே செப்புக் கொப்பரையின் பொறுப்பை அவளிடம் கொடுத்தார். கொப்பரையிலிருந்து முதலில் வடிகிற கூர்மையான சொட்டுகளை எந்த நொடியில் நிறுத்துவது, நல்லதை எதுவரை பிடிப்பது என்று அவளுடைய மூக்கும் நாக்கும் சொன்னதுதான் அங்கே சட்டம். அப்படி இருபத்திரண்டு வருடம் போயிற்று. தாராவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது ஞானத்தகப்பனாக நின்றவரும் வுகோமன்தான். எங்கள் ஊரில் அந்த உறவு ரத்த உறவுக்கு ஒரு படி மேல்.

வுகோமனுக்கு முழங்கால் அறுவை ஆன வருடம் மகன் ரெல்யா பெல்கிரேடிலிருந்து திரும்பி வந்தான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. அவசரக்காரன். சாராயம் விற்பதைவிடச் சாராயம் காய்ச்சுவதைக் காட்டுவதில்தான் வரும்படி என்று கண்டுபிடித்தான். பேருந்து நிற்க இடம் வெட்டினான், பலகை வைத்தான், சின்ன வயதிலிருந்து சித்தி என்று கூப்பிட்டு வந்த பெர்சிதாவுக்குப் பூவேலை செய்த சிவப்பு மேற்சட்டை ஒன்று தைத்துக் கொடுத்தான்.

"சித்தி, வர்றவங்ககிட்ட இது முந்நூறு வருஷத்து மடாலயத்துப் பக்குவம்னு சொல்லணும்."

"எந்த மடாலயம்?"

"ஏதோ ஒரு மடாலயம். யாரு போய்ப் பார்க்கப் போறா?"

"உங்கப்பா பக்கத்து ஊர் கம்பவுண்டர்கிட்டக் கேட்டு எழுதிக்கிட்டு வந்த பக்குவம்டா அது. நீல நோட்டுல இருக்கு."

அந்தப் பொய்யை அவள் ஒரு நாளும் சொல்லவில்லை. மேற்சட்டையை மட்டும் போட்டுக்கொண்டாள், அதுவும் அக்குளில் இறுக்கிப் பிடித்தது. ஆட்கள் வந்தார்கள், சனி ஞாயிறுகளில் இரண்டு மூன்று பேருந்து. வடிசாலைக்குப் பின்னால் வுகோமன் பயிர் வைத்திருந்த லின்சுரா வேர் விட்டுப் பருக்க ஏழு வருடம் ஆகும். பேருந்துக்கு அவ்வளவு பொறுமை ஏது. அந்த வசந்தத்திலேயே வேர் தீர்ந்துவிட்டது.

ஜூன் மாதம் தாரா வீடு மாற்றினாள். உதவிக்கு பெர்சிதா நான்கு வாரம் க்ராலியெவோ நகரத்துக்குப் போனாள். திரும்பி வந்த சனிக்கிழமை காலை, ஊறல் அறையில் புதிதாக ஒரு பீப்பாய் நின்றது. சுண்ணாம்புக்கட்டியில் 'லின்சுரா' என்று ரெல்யாவின் கையெழுத்து. ஒரு கரண்டி எடுத்து நாக்கில் வைத்தாள்.

கசந்தது. ஆனால் லின்சுராவின் கசப்பு உடனே வந்து நாக்கின் அடியில் உட்கார்ந்து கொள்ளும், எழுந்து போகாது. இதில் கசப்புக்குப் பின்னால் ஒரு எரிச்சல் வந்தது. எரிச்சலுக்குப் பின்னால் நாக்கு நுனி மரத்தது. வாசலுக்கு ஓடித் துப்பினாள், குழாயில் நான்கு தடவை வாய் கொப்பளித்தாள். பிறகு அறை மூலையில் பாதி காலியாகக் கிடந்த சாக்கை இழுத்துக் கையை விட்டாள். காய்ந்த வேர்த் துண்டுகள். மஞ்சளாக உடைந்தவை பாதிக்கு மேல் இருந்தன. அவற்றுக்கு நடுவே வெளுத்த துண்டுகள், ஓரமெல்லாம் சல்லிவேர் நறுக்கிய வடு. சாக்கை உதறியதும் தூசு எழும்பியது. தொடர்ந்து ஏழெட்டுத் தும்மல். செமெரிகாவின் தூசு பட்டால் மூக்கு அப்படித்தான் படுத்தும்.

ரெல்யா வாசலில் நாற்காலிகளை வரிசை போட்டுக்கொண்டிருந்தான். அவள் இரண்டு துண்டுகளை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதை யார்கிட்ட வாங்கின?"

"வேன்ல வந்தான் ஒருத்தன். பேப்பரெல்லாம் வெச்சிருந்தான் சித்தி."

"பேப்பரை ஊறப்போட்டிருந்தாத் தேவலை. பாதி செமெரிகா."

அவன் துண்டுகளைப் புரட்டிப் பார்த்தான். அவனுக்கு எதுவும் தெரியவில்லை என்பது அவன் பார்த்த விதத்திலேயே தெரிந்தது. "கொப்பரையில காய்ச்சினா விஷம் மேல ஏறாதுன்னு அப்பா சொல்வாரே."

"காய்ச்சினா அடியில தங்கும். இது ஊறல். வேர்ல இருக்கறது அத்தனையும் கிளாஸ்ல இருக்கு. இன்னிக்கு யார் வர்றா?"

"க்ருஷெவாத்ஸ்லேர்ந்து ஓய்வுபெற்ற வாத்தியாருங்க. நாப்பது பேர்."

"நாப்பது கிழங்கட்டை. பாதிப் பேர் நெஞ்சுவலி மாத்திரை சாப்பிடறவங்களா இருப்பாங்க. அவங்களுக்கு நாடியை அடிச்சுப் போடற மருந்து குடுக்கப் போறே."

அவன் கையைத் தூக்கினான். "சரி சித்தி, சரி. வெறும் பிளம் ரக்கியாவே ஊத்தறேன். காது சிவக்க வேண்டாம்."

அவள் நம்பினாள். அந்த நம்பிக்கையை நினைத்து, பிற்பாடு அவள் தன்மேலேயே பட்ட கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பீப்பாய்க் குழாயை அப்போதே திறந்து விட்டிருக்க வேண்டும்.

பதினோரு மணிக்குப் பேருந்து வந்தது. வாத்தியார்கள் நல்ல மனிதர்கள், எல்லாவற்றுக்கும் கேள்வி கேட்டார்கள், பதிலைத் திருத்தவும் செய்தார்கள். பெர்சிதா அவர்களுக்குக் கொப்பரையைக் காட்டினாள், ஆவி குளிர்ந்து வடியும் குழாயைக் காட்டினாள், முதல் சொட்டை ஏன் கொட்டுகிறோம் என்று சொன்னாள். முக்கால் மணி நேரம் கழித்து ருசி பார்க்கும் அறைக் கதவைத் திறந்தவள் நின்றுவிட்டாள். நீள மேஜையில் வெள்ளை விரிப்பு. அதன்மேல் நாற்பது சின்னக் கிளாஸ்கள். பிளம் ரக்கியா தண்ணீர் மாதிரி தெளிந்திருக்கும். கிளாஸில் இருந்தது மஞ்சள். அவளைத் தாண்டி முன்னால் போய்விட்ட தோப்ரிலா என்ற ஒல்லியான அம்மாள், நடந்து வந்த தாகத்தில் ஒரு கிளாஸை எடுத்து ஒரே மடக்கில் குடித்து, இன்னொன்றையும் எடுத்துக் குடித்து, "நல்ல கசப்பு" என்றாள்.

பெர்சிதா விரிப்பின் நுனியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

கிளாஸ்கள் எல்லாம் தரையில். கடைசியாக ஒன்று உருண்டு போய் உடைந்தது. "யாரும் எதையும் வாயில வைக்காதீங்க. இதுல விஷ வேர் கலந்திருக்கு" என்றாள் அவள். "அம்மா, நீங்க ரெண்டு குடிச்சிட்டீங்க. என்கூட வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

ரெல்யா ஓடி வந்தான். முகத்தில் சிரிப்பு ஒட்டியிருந்தது. "மன்னிக்கணும், எங்க சித்திக்கு உடம்பு சரியில்ல. காலையிலேர்ந்து ருசி பார்த்துப் பார்த்து, கொஞ்சம் தலைக்கு ஏறிடுச்சு."

இரண்டொருவர் சங்கடமாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பழக்கமான சிரிப்பு. காது மட்டும் இல்லை, கழுத்து வரை அவளுக்குச் சிவந்துவிட்டது. அவன் சட்டையைப் பிடித்துச் சுவரோரம் தள்ளினாள். "கார் சாவியைக் குடு."

"சித்தி, ஊர் மானம் போகுது. ரெண்டு விரல்கடை கிளாஸ், அதுல என்ன ஆயிடப் போகுது?"

"சாவி."

கொடுத்தான். சாக்கிலிருந்து ஒரு கைப்பிடி துண்டுகளை மேற்சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, தோப்ரிலாவை முன் இருக்கையில் உட்காரவைத்தாள். அந்த அம்மாள் வழியெல்லாம் தனக்கு ஒன்றுமில்லை என்றாள், நாற்பது வருடம் பூகோளம் நடத்தியவள் ஆகையால் வலது பக்கம் தெரிகிற மலையின் பெயரையும் உயரத்தையும் சொன்னாள். பன்னிரண்டாவது வளைவில் நிறுத்தச் சொன்னாள். வாந்தி எடுத்தாள். அதற்குப் பிறகு மலைகளைப் பற்றிப் பேசவில்லை. இவானித்சா நகர ஆஸ்பத்திரிக்குள் அவளைத் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது.

இளம் டாக்டர் நாடியைப் பிடித்துக்கொண்டே, "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார்.

"பஸ்ஸில முட்டை..." என்று தோப்ரிலா முனகினாள்.

"முட்டை இல்ல" என்றாள் பெர்சிதா. பையிலிருந்ததை டாக்டரின் மேஜைமேல் கொட்டினாள். "இது செமெரிகா. ரக்கியாவில ஊறினது. ரெண்டு கிளாஸ், பன்னெண்டு மணி ஆக ஒரு பத்து நிமிஷம் இருக்கும்போது. எழுதிக்குங்க. நான் சொல்றதை அப்படியே எழுதிக்குங்க."

நாடி முப்பத்தெட்டு. ஊசி போட்டார்கள், சாயங்காலம் வரை கம்பியும் கருவியுமாக வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் தோப்ரிலா எழுந்து உட்கார்ந்து சூப்பில் உப்பு இல்லை என்று சொன்னாள். பேருந்தில் வந்த வேறு யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

திங்கட்கிழமை சுகாதார ஆய்வாளர் வருவார் என்று தகவல் வந்தது. அன்று காலை வுகோமன் ஆள் அனுப்பினார். வடிசாலைக்கு மேலே அவர் வீடு. அடுப்பருகே காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தார். காபியும் கற்கண்டும் வைத்தார்கள். அவள் தொடவில்லை.

"பெர்சிதா, ஒண்ணு கேக்கறேன். இருபத்திரண்டு வருஷத்துல நான் உன்கிட்ட எதுவும் கேட்டதில்ல."

"கேளுங்க."

"அந்த வேரை நீதான் போட்டேன்னு சொல்லிடு. வயசாச்சு, கண்ணு மங்கிடுச்சு, தெரியாமக் கலந்துட்டேன்னு. உன்ன யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாங்க. அவன் பேர்ல வந்தா உரிமமே போயிடும். ஆறு குடும்பம் இதுல சாப்பிடுது. நான் தாராவுக்கு ஞானத்தகப்பன். வேற யார்கிட்டக் கேப்பேன்?"

ரெல்யா பொய் சொன்னபோது வந்த கோபம் சூடாக இருந்தது. இது குளிர்ந்து கிடந்தது. இந்த மனிதர்தான் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தவளின் சொல்லைக் கேட்டு உள்ளங்கையை மோந்து பார்த்தவர்.

"முதலாளி, ரக்கியா நல்லாருக்கா கெட்டுப்போச்சான்னு சொல்றதுக்கு இத்தனை வருஷம் என் நாக்கு வேணும்னீங்க. பாட்டில்ல உங்க பேரு இருக்கு, உள்ள இருந்தது என் நாக்கு. இப்ப அதே நாக்கால, எனக்கு வேரே தெரியாதுன்னு நானே சொல்லணுமா?"

"ஒரு நாள் பேச்சும்மா. ஊர் மறந்துடும்."

"இந்த ஊரா? சீஸ் ரொட்டியை இன்னும் மறக்கல."

எழுந்தாள். சிவப்பு மேற்சட்டையைக் கழற்றி, அவர் கால் நீட்டியிருந்த ஸ்டூலின் ஓரத்தில் போட்டாள். "ஞானத்தகப்பன்னா புள்ளைக்கு உண்மை பேசக் கத்துக் குடுக்கறேன்னு கோயில்ல சொன்னவரு. பாதிரியார் பக்கத்துல நின்னு சொன்னீங்க, நான் கேட்டேன்." வெளியே வந்து சரிவில் இறங்கினாள்.

ஆய்வாளரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னாள். பீப்பாய்க்கும் சாக்குக்கும் முத்திரை வைத்தார்கள், பிறகு வடிசாலைக்கே வைத்தார்கள். அபராதமும் நான்கு மாத அடைப்பும் என்று முடிவாயிற்று. ஆறு பேருக்கு வேலை போனது. எங்கள் ஊர் யார்மேல் கோபப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. ரெல்யா எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் 'பெர்சிதா கலந்தாள், பழியைப் பையன்மேல் போட்டாள்' என்ற பேச்சு கடையிலும் கோயில் வாசலிலும் தானாக நடந்தது. அதை அவன் மறுக்கவும் இல்லை. தம்பி ஸ்ரேதென்கூட, "கொஞ்சம் விட்டுக் கொடுத்திருக்கலாம்க்கா" என்றான். அவள் அவனைப் பார்த்த பார்வையில் அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்றைக்கு ரொட்டி வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

அவள் கீழே ராஸ்ப்பெரி குளிர்கிடங்கில் பழம் பிரிக்கிற வேலைக்குப் போனாள். கையுறைக்குள் விரல் விறைக்கும் வேலை. நவம்பரில் ஒரு நாள் வேலை முடிந்து வெளியே வந்தபோது வாசலில் ரெல்யா நின்றிருந்தான், மெலிந்து.

"திறந்துட்டாங்க சித்தி. காய்ச்ச ஆரம்பிச்சேன். மூணு கொப்பரை வீணாப் போச்சு. நல்லதைப் பிரிச்சுப் பிடிக்க எனக்கு வரல. நீங்க வாங்க. மேற்சட்டை எல்லாம் வேண்டாம், எப்படி வேணா வாங்க."

"வேரைப் பீப்பாய்ல போட்டது யாரு?"

"இப்ப எதுக்கு அது..."

"யாரு?"

"நான்தான்."

"என்கிட்ட எதுக்குச் சொல்றே, எனக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை கோயில் விட்டதும் கடை வாசல்ல எல்லாரும் நிப்பாங்க. அங்க சொல்லு."

இரண்டு ஞாயிறு அவன் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு வந்தான். முப்பது பேர் நின்றிருந்தார்கள், வேலை போன ஆறு பேரும் இருந்தார்கள். பூட்ஸைப் பார்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தான்.

"கேக்கல" என்றாள் பெர்சிதா.

"வேரை நான்தான் போட்டேன். சித்தி ஊர்லயே இல்ல."

"இன்னும் கொஞ்சம் உரக்க. பின்னாடி நிக்கறவங்களுக்குக் காது மந்தம்."

அவன் நிமிர்ந்து கத்தினான். ஏறக்குறைய அழுதான். "நான்தான் போட்டேன். விஷம்னு சித்தி சொன்னாங்க, சொன்ன பிறகும் நான் ஊத்தினேன். குடிச்சிருக்காங்கன்னு பொய் சொன்னேன்." யாரோ தொண்டையைச் செருமினார்கள். வேலை போனவர்களில் ஒருவன் தரையில் துப்பிவிட்டு நகர்ந்தான். எல்லாரும் கலைந்த பிறகு, "அப்போ திங்கட்கிழமை வர்றீங்களா?" என்று ரெல்யா கேட்டான்.

"நான் வர்றேன்னு எப்ப சொன்னேன்? சொல்லச் சொன்னேன், சொன்ன. அவ்வளவுதான். முதல் சொட்டை உள்ளங்கையில தேய்ச்சுப் பாரு. மூக்கு கூசறது நிக்கற வரைக்கும் கொட்டு."

டிசம்பரில் புனித நிக்கோலா நாள் வந்தது. அவள் வீட்டுக் குலப்புனிதர். அன்றைக்கு யாரையும் அழைக்க மாட்டார்கள், வருகிறவரைத் திருப்பி அனுப்பவும் கூடாது. நோன்பு நாளானதால் மீனும் பீன்ஸும் வைத்தாள், மெழுகுவத்தி ஏற்றினாள், வருகிறவர் முதலில் ருசிக்க வேண்டிய கோதுமையை வேகவைத்தாள். க்ராலியெவோவிலிருந்து தாராவும் வந்திருந்தாள். பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள், முந்தைய வருடங்களைவிடக் குறைவு. இருட்டும் நேரத்தில் படியில் தடி ஊன்றும் சத்தம். வுகோமன். இரண்டு கிலோமீட்டர் பனியில் அந்த முழங்காலோடு நடந்து வந்திருந்தார்.

பெர்சிதா கதவைத் திறந்தாள். கோதுமைத் தட்டை நீட்டினாள். அவர் ஒரு கரண்டி எடுத்து, சிலுவை போட்டு, வாயில் வைத்தார். நாற்காலி இழுத்துப் போட்டாள். மீன் வைத்தாள், ரக்கியா ஊற்றினாள். விருந்தாளிக்குச் செய்ய வேண்டியதில் ஒன்றும் குறைவில்லை. ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் இரண்டு முறை வாய் திறந்தார், இரண்டு முறையும் மீன் நன்றாயிருக்கிறது என்று மட்டும் சொன்னார். சாப்பிட்டு முடித்து எழுந்து, ஞானமகளுக்கென்று கொண்டுவந்த பொட்டலத்தைத் தாராவின் கையில் வைத்தார். தாரா அவர் கையை முத்தமிட்டாள். பெர்சிதா வாசல் வரை போய் விளக்கைப் பிடித்தாள், அவர் வழுக்காமல் இறங்கும் வரை.

உள்ளே வந்ததும் தாரா, "ஏம்மா, அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்காரு, ஒரு வார்த்தை பேசக் கூடாதா?" என்று கேட்டாள்.

"அவரு ஒரு வார்த்தை சொல்லட்டும், நான் ரெண்டு பேசறேன்" என்றாள் பெர்சிதா. காது இன்னும் சிவந்தே இருந்தது. அவர் சாப்பிட்ட தட்டை எடுத்துக் கழுவப் போனாள்.